'காயில் போச்சு' என்று முடிவு கட்டுவதற்கு முன்: பழைய அவுட்போர்டு மோட்டாரின் ஒயரிங்கோடு பழகிய அனுபவம்

எங்கள் கடற்கரையில் வள்ளத்தின் (சின்ன நாட்டுப் படகின்) பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், சுற்றி நிற்கிறவர்கள் முதலில் சொல்லும் தீர்ப்பு 'காயில் போச்சு' என்பதுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் 'சிடிஐ அடிச்சுப் போச்சு' என்பார். இரண்டுமே பிளக்கில் ஸ்பார்க் வரவைக்கிற, ஆயிரக்கணக்கில் பணம் பிடுங்கும் சாமான்கள். இருபது வருடம் ஓடிய மோட்டாருக்கு அசல் சாமான் உடனே கிடைக்கவும் செய்யாது. கிடைக்கிற டூப்ளிகேட்டை வாங்கி மாட்டுவார்கள், மோட்டார் அப்படியே கிடக்கும். 'டூப்ளிகேட் சாமான், அதான் வேலை செய்யல' என்று அடுத்த தீர்ப்பு வரும். என் கைக்கு வந்த பழைய மோட்டார்களில் பெரும்பாலானவற்றில் காயிலும் சிடிஐயும் நன்றாகத்தான் இருந்தன. கெட்டுப்போயிருந்தது ஒரு சாண் ஒயர், அல்லது ஒரு எர்த்து போல்ட், அல்லது உப்பு ஏறிய ஒரு சுவிட்ச்.

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே இருக்கிற கடற்கரை ஊர் எங்களுடையது. அப்பா வள்ளத்துக்காரர். நான் நாகர்கோவில் கோணம் ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு வீட்டு ஒயரிங் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்த கையோடு யாராவது ஒருத்தர் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். ஆனி, ஆடி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளக்காரர்கள் நாலு காசு பார்க்கிற நாட்கள் அவை. அந்த நேரத்தில் மோட்டார் படுத்தால் வீடே படுத்துவிடும்.

வீட்டு ஒயரிங் தெரிந்தவனுக்குக் கடல் ஒயரிங் தானாக வந்துவிடாது. வீட்டில் 230 வோல்ட். ஒரு ஜாயின்ட் லேசாகக் கறுத்து ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. வள்ளத்தில் இருப்பதே 12 வோல்ட்தான். சாவி திருப்பி ஸ்டார்ட் செய்கிற செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 100 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அந்தப் பாதையில் எங்கோ ஒரு லக்கில் (ஒயர் நுனியில் போல்ட் மாட்டுகிற உலோக வளையத்தில்) ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 1 வோல்ட் அங்கேயே சூடாகிக் காணாமல் போகும். அப்படி இரண்டு மூன்று இடம் இருந்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

இதற்கெல்லாம் காரணம் உப்பு. ஆனால் அது ஒயருக்குள் நுழைகிற விதத்தைப் பலரும் பார்த்ததில்லை. ஒயரின் வெட்டுமுனையில் உப்பு ஈரம் பட்டால், உள்ளே இருக்கிற மெல்லிய செம்பு இழைகளின் நடுவே அது விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறிவிடும். வெளியே இன்சுலேஷன் பளபளவென்று புதுசு போல இருக்கும். பிளேடால் ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு நிறமே இருக்காது. கறுத்துப் போயிருக்கும், அல்லது பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் இழை பொடியாக உதிரும். அதற்கு மேல் இன்னும் இரண்டு அங்குலம் சீவினாலும் அதே கறுப்பு. நல்ல செம்பு தெரிகிற இடம் வரை வெட்டித்தான் ஆகவேண்டும். ஒயர் நீளம் பற்றாது என்று கறுத்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால், அந்த வேலையை அடுத்த மாதம் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும்.

ஒயரிங்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரியவேண்டும். வராதது எண்ணெயா, ஸ்பார்க்கா? நம் பக்கத்தில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிறார்கள். மண்ணெண்ணெய் பிளக்கில் கரியை அப்பும். கரி அப்பிய பிளக்கில் ஸ்பார்க் நுனியில் தாவாமல் கரி வழியாகவே கசிந்து போய்விடும். அதனால் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது. காய்ந்திருந்தால் எண்ணெய்ப் பக்கம் பாருங்கள். டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகு மூடிக்கிடந்து, 'மோட்டார் கரண்ட் ஃபால்ட்' என்று வந்தவர்கள் உண்டு. புது பிளக் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். சோதனைக்குப் பழைய பிளக்கை நம்பாதீர்கள்.

ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கின் உலோக உடம்பு எஞ்சின் பிளாக்கைத் தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு பிளக்கையும் கேப்பில் மாட்டி இரண்டையும் எர்த்து செய்துவிட்டுத்தான் கயிறு இழுக்கவேண்டும். எர்த்து இல்லாமல் அந்தரத்தில் விட்டு இழுத்தால், வெளியேற வழியில்லாத உயர் வோல்டேஜ் காயிலையோ சிடிஐயையோ உள்ளேயே துளைத்துவிடும். நல்ல சாமானைச் சோதனை செய்தே கொல்வது என்பது இதுதான். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். ஸ்பார்க்கை அதன் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள். ஹோஸைக் கழற்றி டேங்கையும் தூரத் தள்ளிவிடுங்கள். வெயிலில் ஸ்பார்க் கண்ணுக்குத் தெரியாது. சாக்கையோ தார்ப்பாயையோ தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பாருங்கள். நீலமாக, 'டப் டப்' என்று சத்தத்தோடு விழுந்தால் நல்லது. மஞ்சளாக, இழைபோல வந்தால் பலவீனம்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற 9.9 குதிரைத்திறன் போன்ற சின்ன மோட்டாருக்கு ஸ்பார்க் கொடுக்க பேட்டரியே வேண்டாம். பிளைவீலுக்குள் காந்தம். அது சுற்றும்போது சார்ஜ் காயிலில் நூற்றுக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. சிடிஐ அதைச் சேர்த்து வைக்கிறது. பல்சர் காயில் 'இப்போ விடு' என்று சைகை கொடுத்ததும், சேர்த்ததை ஒரே அடியில் இக்னிஷன் காயிலுக்குள் தள்ளுகிறது. அது பல ஆயிரம் வோல்ட் ஆகிப் பிளக்கில் தாவுகிறது. கதை அவ்வளவுதான். இதோடு இன்னொரு ஒயர் சேர்கிறது. அதுதான் வில்லன்: ஸ்டாப் ஒயர். சிவப்பு பட்டனை அமுக்கும்போதோ, கையில் மாட்டுகிற கயிற்றுக் கிளிப்பைப் பிடுங்கும்போதோ சிடிஐயின் மின்சாரம் எர்த்தில் இறங்கி மோட்டார் நிற்கிறது. அதாவது இந்தச் சுவிட்ச் நம் வீட்டுச் சுவிட்சுக்கு நேர் எதிர். வீட்டில் தொடர்பு அறுந்தால் விளக்கு அணையும், இங்கே தொடர்பு சேர்ந்தால்தான் மோட்டார் அணையும். அந்த ஒயர் எங்கே உரசி பிளாக்கைத் தொட்டாலும் சரி, சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி லேசாகக் கசிந்தாலும் சரி, மோட்டாரைப் பொறுத்தவரை யாரோ எந்நேரமும் ஸ்டாப் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றே அர்த்தம்.

கடியபட்டணத்திலிருந்து ஒரு மாமா வந்தார். டவுனில் ஒரு கடையில் சிடிஐ மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். விலையைக் கேட்டு மலைத்துப்போய் வந்திருந்தார்.

"எப்போ நிக்குது மாமா? ஓடிட்டு இருக்கும்போதா, ஸ்டார்ட்டே ஆவலியா?"

"அதுக்கு இஷ்டம் வந்தா ஓடும் மக்களே. வலை போட்டுட்டுத் திரும்பையில நிக்கும். பொறவு இழுத்தா பிடிக்கும், பிடிக்காமயும் போவும்."

"திரும்பும்போதுன்னா? வள்ளத்தைத் திருப்பும்போதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாலே, ஒரு பக்கமாத் திருப்பும்போது மட்டுந்தான்."

அந்தப் பதிலே பாதி வேலையை முடித்துவிட்டது. சிடிஐக்குத் திசை தெரியாது. கவுலை, அதாவது மோட்டாரின் மேல்மூடியைக் கழற்றி, சிடிஐக்குப் போகிற ஸ்டாப் ஒயரின் புல்லட் கனெக்டரை மட்டும் பிரித்துவிட்டு இழுத்தேன். இரண்டு பிளக்கிலும் நீலமாக ஸ்பார்க். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்டாப் ஒயரைப் பிரித்ததும் ஸ்பார்க் வந்தால், சிடிஐ, சார்ஜ் காயில், பல்சர், இக்னிஷன் காயில் நாலும் நல்லவை. குற்றம் அந்த ஒயரிலோ சுவிட்சிலோதான். பிரித்த பிறகும் வரவில்லை என்றால்தான் மேற்கொண்டு தேடவேண்டும்.

ஒயரைக் கையால் நீவிக்கொண்டே போனேன். ஹேண்டில் திரும்புகிற மூட்டுக்கு அடியில், கம்பெனி கொடுத்த கிளிப் எப்போதோ உடைந்து, ஒயர் தொங்கி அலுமினிய பிராக்கெட்டில் உரசிக்கொண்டிருந்தது. இன்சுலேஷனில் அரிசி அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் தெரிந்த செம்பு மட்டும் பளிச்சென்று மின்னியது, உரசி உரசித் தேய்ந்த மினுக்கம். அதற்கு இரண்டு பக்கமும் கறுப்பு. ஹேண்டிலை ஒரு பக்கம் தள்ளினால் அந்த இடம் பிராக்கெட்டில் உட்காரும், மோட்டார் நிற்கும். அந்தத் துண்டை வெட்டி எறிந்து புது ஒயர் சேர்த்து, ரப்பர் குழாய் மாட்டி, கிளிப் போட்டதோடு வேலை முடிந்தது. மாமா சிடிஐக்கு வைத்திருந்த பணத்தை மடித்து மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

கடல் நடுவில் இப்படி நின்றால் ஸ்டாப் ஒயரைப் பிரித்துவிட்டுக் கரைக்கு வரலாம். ஆனால் அதற்குப் பிறகு பட்டனாலும் கிளிப்பாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. சோக்கை இழுத்தோ எண்ணெய் ஹோஸைப் பிடுங்கியோதான் நிறுத்தவேண்டும். அதை வள்ளத்தில் இருக்கிற எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தவறிக் கடலில் விழுந்தவரைச் சுற்றிப் புரொப்பல்லர் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. கரைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள். 'அப்படியே ஓடுது, இருக்கட்டும்' என்று சீசன் முழுக்க ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யமஹா அவுட்போர்டில் வெள்ளை ஒயர் ஸ்டாப், கறுப்பு எர்த்து, சிவப்பு பேட்டரி பிளஸ், மஞ்சள் சாவி ஆன், பழுப்பு செல்ஃப். சுசுகி அவுட்போர்டில் வெள்ளைதான் பேட்டரி பிளஸ். அங்கே ஸ்டாப் பச்சை, சாவி ஆன் சாம்பல். ஒரு மோட்டாரில் பழகிய கையோடு இன்னொன்றில் வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தால், 12 வோல்ட் நேராக சிடிஐயின் ஸ்டாப் முனைக்குள் போய் அந்த நிமிடமே அதைக் கொன்றுவிடும். பழைய மோட்டாரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் கைவைத்தார்களோ, அத்தனை பேரும் கையில் கிடைத்த நிறத்தில் ஒயர் சேர்த்திருப்பார்கள். நிறத்தை நம்பாமல், ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று மீட்டரில் பார்த்துவிட்டே கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தால் மாட்டும்போது முழிக்க வேண்டியதில்லை.

ஸ்டாப் ஒயரைப் பிரித்தும் ஸ்பார்க் இல்லையா? ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லை என்றால் முதலில் பிளக்குகளை இடம் மாற்றுங்கள், பிறகு கேப். பெரும்பாலான கேப் திருகுகிற மாதிரி இருக்கும். திருகிக் கழற்றினால் தடித்த ஒயரின் நுனி பச்சையாக இருக்கும். அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகினால் பல நேரம் அதோடு சரியாகிவிடும். இரண்டிலும் இல்லை என்றால், சிடிஐயிலிருந்தும் இக்னிஷன் காயிலிலிருந்தும் பிளாக்குக்கு வருகிற கறுப்பு ஒயரின் போல்ட்டைக் கழற்றுங்கள். செம்பு லக்கும் அலுமினிய பிளாக்கும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி கரண்ட் கடத்தாது. உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் தடவிவிட்டு இறுக்குவதைவிட இதுதான் எனக்கு ஒத்துவருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்பார்க் வராவிட்டால்தான் காயிலைச் சந்தேகப்படலாம். காயில் ஓம் மதிப்பு மாடலுக்கு மாடல் வேறு. புத்தகம் இல்லாதவருக்கு நம் கடற்கரையே புத்தகம். அதே மாடல் மோட்டார் பக்கத்து வள்ளத்தில் நிச்சயம் இருக்கும். அதில் அளந்து பார்த்து ஒப்பிடுங்கள். வோல்ட்டை அளக்க நினைத்தால் சாதா மல்டிமீட்டர் ஏமாற்றும். சார்ஜ் காயிலும் பல்சரும் கண் இமைக்கும் நேரத்துக்குத்தான் உச்சத்துக்குப் போகின்றன, மீட்டர் சராசரியை எடுத்துக் குறைவாகக் காட்டும். உச்ச வோல்ட்டைப் பிடிக்கிற அடாப்டர் இருந்தால் மட்டும் அந்த எண்ணை நம்பலாம். இரவல் சிடிஐயை மாட்டிப் பார்ப்பது கடைசி வழியாக இருக்கட்டும். ஒயரில் ஷார்ட் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சிடிஐயும் போய்விடும், உறவும் போய்விடும்.

காயில் உண்மையாகவே போன கேஸ் ஒன்றையும் சொல்கிறேன். கணவாய் மீன் பிடிக்கப் போகிற ஒரு பையனுடைய மோட்டார், ஸ்டார்ட் ஆகி அரை மணி நேரம் அருமையாக ஓடும், பிறகு நிற்கும். ஆறினால் மறுபடி ஓடும். காலையில் என் வாசலில் வைத்து அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். "அண்ணே, இங்க வந்தா மட்டும் நல்ல புள்ளையா இருக்கு" என்று நொந்துகொண்டான். டேங்க் மூடித் திருகு மூடிக்கிடந்தாலும் இதே மாதிரிதான் நிற்கும் என்பதால் முதலில் அதைப் பார்த்தோம், திறந்துதான் இருந்தது. பிறகு ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை மாட்டி, நிற்கும்வரை ஓடவிட்டோம். நின்ற சூட்டோடு ஸ்பார்க் பார்த்தால் இல்லை. சூடு ஆறும் முன்பே சார்ஜ் காயிலை அளந்தேன், ஓபன், அதாவது தொடர்பு அறுந்தது என்று காட்டியது. ஆற ஆற மதிப்பு திரும்ப வந்தது. உள்ளே அறுந்த கம்பி, குளிரில் ஒட்டிக்கொண்டும் சூட்டில் விரிந்து விலகியும் விளையாடியிருக்கிறது. எப்போது கெடுகிறதோ அப்போது அளக்கவேண்டும். ஆறிய மோட்டாரை அளந்து 'காயில் ஓகே' என்று அவனை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் வேறொரு இடத்தில்.

அந்தக் காயிலை மாற்ற பிளைவீலைக் கழற்றவேண்டும். அதை இழுத்துக் கழற்றுகிற புல்லர் என்ற கருவியைப் போட்டுத்தான் கழற்றவேண்டும். சுத்தியலால் அடித்தால் காந்தம் விட்டுப்போகும், கிராங்க் முனையும் நசுங்கும். கழற்றிய பிளைவீலைக் கடற்கரை மணலில் வைத்தீர்களோ, தொலைந்தீர்கள். மணவாளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் மணலே இல்மனைட் கலந்த கருமணல். அரிய மணல் ஆலை அங்கே இருப்பதே அதற்காகத்தான். காந்தத்தில் கருமணல் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் இடம் மாறுமே தவிரப் போகாது. அதோடு மாட்டினால் காயிலின் மேல் தோலை அரைத்துவிடும். டேப்பின் பசைப் பக்கத்தை வைத்து ஒற்றி ஒற்றித்தான் எடுக்கவேண்டும். அதைவிட, ஒரு பழைய சாரத்தை (லுங்கியை) விரித்து அதன்மேல் வைப்பது சுலபம்.

இனி செல்ஃப் மோட்டார். அப்பாவின் 40 குதிரைத்திறன் மோட்டார் ரெண்டு ஸ்ட்ரோக், பழசு, ஆனால் இன்னும் தெம்பானது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு சாவியைத் திருப்பினால் 'டிக்' மட்டும். பேட்டரி புதுசு. மீட்டரில் 12.6 வோல்ட், குறையே சொல்ல முடியாது. ஸ்டார்ட்டர் முனையில் வைத்தால் அங்கேயும் சாவி திருப்பாதபோது எல்லாம் சரி. இங்கேதான் பலபேர் 'கரண்ட் வருது, அப்போ ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு' என்று முடிவு கட்டுகிறார்கள். மீட்டர் இழுப்பது கடுகளவு கரண்ட். முப்பது இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது 12 வோல்ட்டை அப்படியே காட்டும். பாரம் ஏற்றும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் தெரியும்.

அதனால் நான் பேட்டரி ஒயரிங்கை மீட்டருக்கு முன்னால் பல்பை வைத்துத்தான் பார்ப்பேன். பைக் இண்டிகேட்டரில் போடுகிற 12 வோல்ட், 21 வாட் பல்பு. ஹோல்டரோடு இரண்டு ஒயர், இரண்டு கிளிப். கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் நேராக எரிகிற வெளிச்சத்தோடு, சாவிக்குப் பின்னால், ஃபியூசுக்குப் பின்னால், விளக்குக்குப் போகிற முனையில் எரிகிற வெளிச்சத்தை ஒப்பிட்டால் போதும். மங்கினால் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே நோய். இந்தப் பல்பை சிடிஐ, பல்சர் ஒயர்களில் மட்டும் வைக்காதீர்கள். அது பேட்டரி வேலைக்கு மட்டும்.

செல்ஃபின் தடித்த கேபிளுக்கு இந்தப் பல்பு பாரம் போதாது. அங்கே மீட்டரை வேறு மாதிரி வைக்கவேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஸ்டார்ட் ஆகிவிடாமல் ஸ்டாப் கயிற்றுக் கிளிப்பைப் பிடுங்கிவிடுங்கள். மீட்டர் டிசி வோல்ட்டில். ஒரு முள்ளை பேட்டரியின் பிளஸ் ஈயத் தூணிலும் இன்னொன்றை ஸ்டார்ட்டர் முனையிலும் வைத்துவிட்டு ஒருவரை சாவி திருப்பச் சொல்லுங்கள். திருப்புகிற அந்த நொடி மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைகிற வோல்ட். அடுத்து பேட்டரியின் மைனஸ் தூணிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு அதே மாதிரி. அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் தேடவேண்டிய இடம் அந்தப் பக்கம்தான். கூடவே, திருப்பும்போது பேட்டரித் தூண்களில் வோல்ட் 9.6க்குக் கீழே போனால் குற்றம் பேட்டரியில்.

அப்பாவின் மோட்டாரில் பிளஸ் பக்கம் ஒன்றுமே தொலையவில்லை. மைனஸ் பக்கம் இரண்டு வோல்ட்டுக்கு மேல். கேபிளின் பிளாக் முனையில் இருந்த லக்கைத் திருகிப் பார்த்தால் அசையவே இல்லை, அவ்வளவு இறுக்கம். ஆனால் லக்கின் கழுத்தில், கேபிள் நுழைகிற இடத்தில், ரப்பர் லேசாக ஊதியிருந்தது. விரலால் அமுக்கினால் உள்ளே நறநறவென்றது. வெட்டினால் பச்சையும் கறுப்புமாகத் தூள். புது கேபிள் போட்டதும் ஒரே சுற்றில் எழும்பியது. அப்பா மட்டும், "நான் அப்பமே சொன்னேன், பேட்டரி கடைக்காரன் ஏமாத்திட்டான்னு" என்றார். கடைக்காரர் கொடுத்த பேட்டரி நல்ல பேட்டரி என்பதை அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்ததற்குப் பிறகு விஎச்எஃப் ரேடியோ செட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமல் ஆழத்துக்குப் போகக்கூடாது என்ற எண்ணம் நம் ஊர்களில் வலுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அவற்றையெல்லாம் மோட்டாரின் ஒயரில் நடுவே சீவி முறுக்கிச் சேர்க்கிறார்கள். பழைய மோட்டார்களின் லைட்டிங் காயில் பலவற்றில் 80 வாட் அளவுக்குத்தான் தரும். ஏசியை டிசி ஆக்குகிற ரெக்டிஃபையர் இல்லாத மோட்டாரில் அது ஏசி. அதில் ஜிபிஎஸ்ஸை நேராகக் கொடுத்தால் ஜிபிஎஸ் காலி. வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் இல்லாமல் ரெக்டிஃபையர் மட்டும் இருக்கிற மோட்டாரில் பேட்டரிதான் வோல்ட்டை அடக்கி வைக்கிறது. மோட்டார் ஓடும்போது பேட்டரி கிளிப்பைக் கழற்றினால் வோல்ட் எகிறி ரெக்டிஃபையரும் செட்டும் சேர்ந்து போகும். தளர்ந்த கிளிப் அலையில் குதிக்கும்போதும் இதே கதைதான். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. 15ஐத் தாண்டினால் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

விளக்கு, செட், ஜிபிஎஸ் எல்லாவற்றுக்கும் பேட்டரியிலிருந்தே தனி ஒயர் இழுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், அதற்கெல்லாம் மேலாக பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் ஒரு மெயின் ஃபியூஸ். ஃபியூஸின் அளவை ஒயரின் தடிமன் முடிவு செய்யவேண்டும். ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்த ஒரு வள்ளத்தைப் பார்த்தேன். கவுலுக்குள் ஒயர் கட்டு முழுக்க ஒன்றாக உருகி அட்டைபோல ஒட்டியிருந்தது. பக்கத்தில் பெட்ரோல் டேங்க்.

சேர்க்கிற வேலையில் என் வழக்கம் இது. கிடைத்தால் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்தான், வீட்டு ஒயர் மலிவு என்று எடுப்பதில்லை. லக்கை அதற்குரிய கிரிம்பிங் பிளேயரால் அழுத்துவேன், கட்டிங் பிளேயரால் நசுக்குவது அழுத்துவது ஆகாது. வெறும் சால்டர் வைத்தால், சால்டர் முடிகிற விளிம்பில் ஒயர் விறைத்துப்போய் மோட்டாரின் அதிர்வில் ஒடியும். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். டேப் மட்டும் சுற்றினால் உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே குடியிருக்கும். புளித்த வாடை அடிக்கிற சிலிக்கானைக் கனெக்டரில் அப்பாதீர்கள், அந்தப் புளிப்பே செம்பைத் தின்னும். கனெக்டர் பின்களைத் துடைத்து மாட்டிவிட்டு மேலே வாசலின் தடவினால் போதும். ஒயர் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் வழிந்து வருகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மோட்டாரைக் கழுவுவது சரி. ஆனால் கவுலைத் திறந்து ஹோஸை நேராக அடிப்பவர்கள் உப்பைக் கனெக்டருக்குள்ளேயே தள்ளுகிறார்கள். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கவுலைத் திறந்தபடி நிழலில் காயவிட்டு, துளி ஈரமில்லை என்று தெரிந்த பிறகு மூடுங்கள். அலையடியில் வள்ளம் புரண்டு மோட்டார் முழுக்க உப்பில் முங்கிவிட்டால், வெயிலில் காயவைப்பது தப்பு. உடனே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் இருக்கிற தண்ணீரைக் கயிறு இழுத்து வெளியேற்றி, ஆயில் கலந்த பெட்ரோலைக் கொஞ்சம் விட்டு, கனெக்டர் ஒவ்வொன்றையும் பிரித்துத் துடைத்து, அன்றைக்கே ஓடவிடவேண்டும். அன்றைக்கு முடியாது என்றால், ஆள் வரும்வரை மோட்டாரை நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மிலேயே முக்கி வையுங்கள். வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட பிறகுதான் துரு வேகமெடுக்கும்.